அண்ணன் மீசையில் கிளிப்பச்சைப் பஞ்சு

வடமாலபேட்டைக்குக் கொஞ்சம் முன்னால், சித்திரை மாசத்து வெயிலில், எங்கள் காரின் ஏசி அண்ணன் முகத்தில் பஞ்சைத் துப்பியது.

அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. எங்கள் வீட்டுக்காரரின் அக்காவைக் கட்டியவர். கங்காதர நெல்லூர்க்காரர். கரும்பு, மாந்தோப்பு, அது போக ஊர்ப் பஞ்சாயத்து. நிலம் விற்க, மாடு வாங்க, பெண் பார்க்க, எதற்கும் அவர் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஆள் நல்லவர். அதுதான் தொந்தரவு. கெட்டவராக இருந்தால் சண்டை போட்டு முடித்துவிடலாம்.

அவர் படித்தது தெலுங்கு மீடியம். தமிழ் நன்றாகப் பேசுவார், படிக்க வராது. அந்த தைரியத்தில்தான் இந்த வாரம் இதை எழுதுகிறேன். சித்தூர்ப் பக்கத்து வாசகர்கள் யாரும் அவருக்குப் படித்துக் காட்டிவிடாதீர்கள்.

அன்றைக்குத் திருப்பதியில் ஒரு கல்யாணம். முதல் நாளே அண்ணனும் நாத்தனாரும் நகரிக்கு வந்து எங்கள் வீட்டில் தங்கினார்கள். காலையில் எல்லாரும் ஒரே காரில் கிளம்பினோம். ஓட்டுவது நான். மரியாதைக்காக அண்ணனுக்கு முன்சீட்டு. பின்னால் எங்கள் வீட்டுக்காரரும் நாத்தனாரும், நடுவில் சீர்த்தட்டும்.

புத்தூர் வரைக்கும் ஏசி சுகமாக வந்தது. புத்தூர் தாண்டியதும் குளிர் குறைந்தது. பிறகு காற்றே குறைந்தது. உள்ளே விசிறி மட்டும் ஓவென்று கத்திக்கொண்டிருந்தது. அண்ணன் குமிழைக் கடைசி வரைக்கும் திருகினார். காற்று வருகிற ஓட்டைக்கு நேராக முகத்தைக் கொண்டுபோனார்.

“இன்னாம்மா கோமதி, காத்தே காணோம்? உள்ள எலி கிலி பூந்துக்கினு கீதா?”

கேட்ட வாயை அவர் மூடவில்லை. புசுக்கென்று ஒரு பஞ்சு உருண்டை பறந்து வந்து அவர் மீசையில் உட்கார்ந்தது.

அண்ணன் மீசைக்கு ஒழுங்காக மை போடுகிறவர். அந்தக் கறுப்பில் அந்தப் பச்சை நன்றாக எடுப்பாகத் தெரிந்தது. தும்ம ஆரம்பித்தார். நாத்தனார் பின்னாலிருந்து முதுகைத் தட்டினார். எங்கள் வீட்டுக்காரர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். திருப்பதி வந்து சேரும்வரை தும்மல் நிற்கவில்லை.

நான் ஒருத்திதான் அந்தப் பஞ்சின் நிறத்தைப் பார்த்தேன். கிளிப்பச்சை. எங்கள் தறியில் கிளிப்பச்சை ஓடி வருஷக்கணக்காகிறது. இது எங்கிருந்து வந்தது என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். எதிரே லாரி வந்ததால் விட்டுவிட்டேன்.

மூன்றாம் தறிக்குப் பக்கத்தில்

இந்தத் தொடரை முதலிலிருந்து படிக்கிறவர்களுக்கு எங்கள் வீடு தெரியும். புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். நகரியில் எங்களுக்குப் பவர்லூம் கொட்டகை. தறியைப் பார்ப்பது அவர் வேலை. புடவையை மூட்டை கட்டித் திருப்பதி, புத்தூர் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுவது என் வேலை.

முன்பெல்லாம் பஸ்தான். மடியில் ஒரு மூட்டை, காலடியில் ஒரு மூட்டை. லக்கேஜுக்கு டிக்கெட் வாங்கு என்கிற கண்டக்டரோடு புத்தூர் வரைக்கும் தமிழில் சண்டை, அதற்கப்புறம் தெலுங்கில் சண்டை. கடையில் போய் இறங்கினால் மூட்டைக்கு இடம் காட்டுவார்கள், எனக்குக் காட்ட மாட்டார்கள்.

பிறகு இந்தச் சின்னக் கார் வந்தது. நாங்கள் வாங்கும்போதே அதற்கு நாலு ஓனர் ஆகியிருந்தார்கள். மற்றவர்கள் மூக்குக் கண்ணாடி போடுகிற வயசில் நான் லைசென்ஸ் எடுத்தேன். காரை நானே ஓட்டிக்கொண்டு போய் வாசலில் நிறுத்திய முதல் நாள், கடைக்காரர் நாற்காலி போட்டு “கூர்ச்சோண்டம்மா” என்று உட்காரச் சொன்னார். அதே புடவைதான், அதே கோமதிதான். அந்த நாற்காலி காருக்குப் போட்டது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் உட்கார்ந்தேன். அப்புறம் எழுந்திருக்க மனசே வரவில்லை.

எங்கள் வீட்டுக்காரர் ஓட்ட மாட்டார். ஒரே ஒரு தரம் ஓட்டினார். பக்கத்துத் தெருவில் கைத்தறிக்காரர்கள் நீட்டியிருந்த பாவு நூலுக்குள் நேராகப் புகுந்துவிட்டார். சக்கரத்தில் சுற்றிக்கொண்ட நூலை எடுக்கச் சாயந்திரம் ஆனது. அன்றோடு ஸ்டீயரிங்கைத் தொடுவதில்லை.

ஆனால் வண்டிமேல் பாசம் உண்டு. வெயிலில் பெயிண்ட் போய்விடும் என்று கொட்டகைக்குள்ளேயே, மூன்றாம் தறிக்குப் பக்கத்தில், இடம் ஒழித்துக் கொடுத்தார். காலையில் மூட்டை ஏற்றும்போது நான் எஞ்சினைப் போடாமல் சாவியை மட்டும் திருப்பி, காற்றை ஓடவிட்டு, கதவுகளைத் திறந்துவைத்துச் சீட்டில் உட்கார்ந்திருப்பேன். பக்கத்தில் தறிகள் கடகடவென்று ஓடும். இதில் என்ன தப்பு என்று நீங்கள் கேட்கலாம். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

கேஸ் தக்குவ

ஏசிக்கு அந்த வியாதி வந்து ரெண்டு கோடை ஆகியிருந்தது. கிளம்பினால் கொஞ்ச நேரம் குளிரும். பிறகு காற்று நின்றுபோகும். எங்கேயாவது நிறுத்தி டீ குடித்துவிட்டு வந்தால் வண்டிக்கு அடியில் தண்ணீர் தேங்கியிருக்கும், ஏசி மறுபடி நன்றாக வரும்.

திருப்பதியில் ஒரு ஏசி கடைக்குக் கொண்டுபோனேன். அங்கே எப்போதும் வரிசை. நம் முறை வருவதற்குள் வண்டி அரை மணி நேரமாவது சும்மா நிற்கும். மெக்கானிக் வந்து ஏசியைப் போடுவார். அது மார்கழி மாசத்துக் காற்றைப் போல ஜிலுஜிலுவென்று வரும். டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் விட்டுப்போகிற பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தவள் போல நான் விழித்துக்கொண்டு நிற்பேன்.

“பாகானே உந்தி கதம்மா,” என்பார் அவர். நன்றாகத்தானே இருக்கிறது என்று அர்த்தம். நான் விடாமல் புலம்பினால், என் மனசைத் தேற்ற, “கேஸ் தக்குவ உந்தி,” கேஸ் கம்மி என்று சொல்லி, கொஞ்சம் ஏற்றி அனுப்புவார். திரும்பி வரும்போது வடமாலபேட்டையில் மறுபடி காற்று நிற்கும். அந்த ஊர்மேலேயே எனக்குக் கோபம் வந்துவிட்டது.

கல்யாணத்துக்குத் திரும்புகிறேன். மண்டபத்தில் பந்தி. எதிர்வரிசையில் அண்ணன், தும்மித் தும்மி மூக்கு சிவந்து உட்கார்ந்திருந்தார். நாத்தனாரின் பட்டுப்புடவை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. சாம்பார் வருவதற்குள் அண்ணன் பஞ்சாயத்தைத் தொடங்கிவிட்டார்.

“மச்சான், அந்த வண்டியத் தள்ளி உட்டுடு. சித்தூர்ல எனக்குத் தெரிஞ்ச வாத்தியார் ஒருத்தர் பழைய வண்டி தேடிக்கினு கீறாரு. கங்கம்மா ஜாத்திரை முடியட்டும், அழச்சிக்கினு வரேன். பொடவைய நம்ம தம்பி வேன்ல போட்டு அனுப்பிக்கலாம். கோமதியும் பாவம், வயசான காலத்துல இந்த வெயில்ல எதுக்கு சுத்தணும்? ஊட்ல நிம்மதியா இருக்கட்டும்.”

வயசான காலத்தில் என்று அவர் சொன்னபோது என் வாய் நிறைய மைசூர்பாகு இருந்தது. அதனால் அவர் பிழைத்தார்.

நான் எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவருக்கு ‘இல்ல’ என்று சொல்ல வராது என்று இல்லை. நூல் வியாபாரியிடம் வரும், தறிக்காரர்களிடம் வரும், என்னிடம் ரொம்ப நன்றாகவே வரும். அவருடைய மாமாவிடம் மட்டும் வராது. அவருடைய அப்பா, நைனா, போன பிறகு எங்கள் கல்யாணத்தை முன்னால் நின்று நடத்தியது அக்காவும் மாமாவும்தான். அன்றிலிருந்து அந்தச் சொல் அவர் நாக்கில் அந்த ஒரு மனிதருக்கு எதிரே எழுந்ததே இல்லை.

“சரி மாமா,” என்றார். சாம்பார் சோற்றைப் பிசைய ஆரம்பித்தார்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் நான் திறந்துகொண்டேன். என்ன பேசினேன் என்று இங்கே எழுத ஆசிரியர் விட மாட்டார். கடைசியில் அவர் இறங்கி வந்தார்.

“வாக்கு குடுத்துட்டேன், இப்போ இன்னா பண்றது? ஏசி நல்லா ஆயிட்சின்னா, வேணாம் மாமான்னு சொல்லிப் பாக்கறேன்.”

அந்தப் ‘பாக்கறேன்’மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லாததால் அதைப் பிடித்துக்கொண்டேன்.

ஃபோனுக்குள் இருந்த குருமார்கள்

இன்னொரு மெக்கானிக்கிடம் போனால் இன்னொரு தரம் கேஸ்தான். நானே பார்த்துவிடுவது என்று ஃபோனைத் திறந்தேன். ‘மீரு கூடா சேஸ்கோவச்சு’ என்று, நீங்களும் செய்யலாம் என்று, ஒரு தெலுங்குப் பையன் சிரித்துக்கொண்டே சொன்னான். இன்னொருவர் இந்தியில் பேசினார். எனக்கு இந்தி வராது, அதனால் அவர் கையை மட்டும் பார்த்தேன். எல்லார் வீடியோவிலும் கார் சுத்தமாக இருந்தது. எல்லாருக்கும் ஸ்குரூ ஒரே திருப்பில் கழன்றது. நம் வீட்டு ஸ்குரூ அந்த வீடியோவைப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

முதல் நாள் வண்டிக்கு முன்னால் இருக்கும் சல்லடையைக் குழாய் வைத்துக் கழுவினேன். வண்டியோடு நானும் குளித்தேன். ஏசி அப்படியே இருந்தது.

அடுத்து, கேஸ் எங்கேயாவது கசிகிறதா என்று பார்க்கக் குழாய் இணைப்புகளிலெல்லாம் சோப்பு நுரை தடவினேன். கசிந்தால் குமிழி வரும். ஒரு குமிழியும் வரவில்லை. கசிவு இல்லை என்று சந்தோஷப்படாமல், குற்றவாளி கிடைக்கவில்லையே என்று எனக்கு அழுகை வந்தது.

மூன்றாவது முயற்சியில் பானெட்டுக்குள் இருக்கும் ஃப்யூஸ் டப்பாவைத் திறந்தேன். ரிலே என்று சின்னச் சின்னக் கறுப்புக் கட்டிகள் வரிசையாக இருக்கும். ஏசிக்கு ஒன்று, ஹாரனுக்கு ஒன்று. ஏசியுடையதைக் கழற்றித் துடைக்கிறேன் என்று நினைத்து ஹாரனுடையதைக் கழற்றித் துடைத்து, திரும்பப் போட மறந்தும்விட்டேன். மறுநாள் புத்தூர் கடைத்தெருவில் ஹாரன் இல்லாமல், தலையை வெளியே நீட்டி “ஜருகண்டி, ஜருகண்டி” என்று கத்திக்கொண்டே ஓட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் வீட்டுக்காரர் திருமலைக்கே வந்துவிட்டதாக நினைத்துக் கையைக் கூப்பினார். அந்தக் கதையை அவர் இன்றைக்கும் விடுவதில்லை.

அன்று ராத்திரி சாப்பிடும்போதுதான் இந்திக்காரரின் கை எனக்கு ஒன்று காட்டியது. டேஷ்போர்டுக்குள்ளே கூலிங் காயில் என்று ஒன்று இருக்கிறது. விசிறி தள்ளும் காற்று அதன் வழியாகப் புகுந்து குளிர்ந்து வெளியே வர வேண்டும். அதன் இடுக்குகள் அடைத்துக்கொண்டால் காற்று நகராது. காற்று நகராவிட்டால் காயிலில் ஐஸ் கட்டும். வண்டியை நிறுத்தினால் ஐஸ் உருகித் தண்ணீராக ஓடும். அதனால்தான் அரை மணி நேரம் நின்றதும் வண்டி சாது போல நடந்துகொண்டது.

எதனால் அடைக்கும் என்று யோசித்தபோது அண்ணன் மீசை என் கண்முன் வந்தது. கிளிப்பச்சை!

சீட்டுக்கடியில் நான்

மறுநாள் மத்தியானம் டேஷ்போர்டின் இடது பக்கப் பெட்டியைக் கழற்றினேன். முன்சீட்டில் தலைகீழாகப் படுத்து, காலைக் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டு வேலை பார்த்தேன். எங்கள் வீட்டுக்காரர் தறியிலிருந்து வந்து, தெரிந்த காலை மட்டும் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“இன்னா பண்ற? துன்ன வரலியா?”

“டார்ச்சப் புடிங்க.”

பிடித்தார். விசிறி மோட்டாரை இறக்கி உள்ளே பார்த்தோம். காயில் தெரியவில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கம்பளி இருந்தது.

விரலை விட்டு இழுத்தேன். தோசைக்கல்லிலிருந்து அடை கிளம்புவதைப் போல முழுசாகக் கிளம்பி வந்தது. மேலே அரக்கு, நாங்கள் அந்த மாசம் ஓட்டிக்கொண்டிருந்த கலர். அதற்கடியில் மாம்பழ மஞ்சள், போன தீபாவளிக்கு ஓட்டியது. அதற்கும் அடியில் மயில் கழுத்து. கடைசியில், காயிலோடு ஒட்டிக்கொண்டு, கிளிப்பச்சை. கார் வந்த புதிதில் ஒரே ஒரு கடைக்காக ஓட்டிய கலர். அந்தக் கடைக்காரர்கூட இப்போது அதை மறந்திருப்பார், எங்கள் ஏசி மறக்கவில்லை.

ஊரில் எத்தனையோ கார் இருக்கிறது. தறிக்குப் பக்கத்தில் நிறுத்தி, நூல் பஞ்சு பறக்கிற இடத்தில் தினம் விசிறியை ஓடவிட்டு, அதை உறிஞ்ச வைத்தவர்கள் நாங்கள்தான். இதை எந்த மெக்கானிக் எப்படிக் கண்டுபிடிப்பார்?

நான் பயந்த அளவுக்கு அவர் திட்டவில்லை. அந்தக் கம்பளியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நெசவு நல்லா வுழுந்துகீது,” என்றார்.

அதற்கப்புறம் அவரை விரட்ட முடியவில்லை. காயிலின் மெல்லிய தகடுகள் தறியில் நூல்களைப் பிரித்து நிறுத்தும் அச்சின் பல்லைப் போலவே நெருக்கமாக இருந்தன. நான் பஞ்சை இழுத்த வேகத்தில் கொஞ்சம் வளைந்துவிட்டிருந்தன. அச்சில் நூல் கோக்கிற தகட்டை எடுத்து வந்து, ஒவ்வொரு பல்லாக நிமிர்த்தினார். நான் இஸ்திரி போடும்போது தெளிக்கிற பாட்டிலில் சோப்புத் தண்ணீர் கலந்து பீய்ச்சினேன். வண்டிக்கு அடியில் அரக்கும் பச்சையுமாகத் தண்ணீர் ஓடியது.

நடுநடுவே அவர் பானெட்டையும் திறந்து ஒவ்வொன்றாகத் தொட்டுக் கேட்டார். இதைப் பிடுங்கினால் என்ன ஆகும், அதைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்று. நானும் டீச்சர் மாதிரி சொல்லிக்கொடுத்தேன். இது ரிலே. அதோ, அது கம்ப்ரஸருக்குப் போகிற ஒயர், அதைப் பிடுங்கினால் விசிறி ஓடும், குளிர் வராது. அவர் தலையாட்டிக்கொண்டார்.

டேஷ்போர்டுக்குள் ஓர் ஒயர் கிளிப் உடைந்து தொங்கியது. அதை இடுப்பிலிருந்து ஒரு துண்டு நூல் எடுத்துக் கட்டினார். நூலை முடிவதில் எங்கள் ஊரில் ஆளுக்கொரு கைவாகு. எங்கள் வீட்டுக்காரர் இடக்கைக்காரர். அவர் போட்ட முடிச்சின் வால் மற்றவர்கள் முடிச்சுக்கு எதிர்ப்பக்கம் படுக்கும். புடவையில் முடிச்சைப் பார்த்தே, இது முதலாளி போட்டது என்று தறிக்காரர்கள் சிரிப்பார்கள்.

எல்லாம் பூட்டிய பிறகு ரெண்டு ஸ்குரூ மிச்சமிருந்தது. அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

கொஞ்சம் கம்மி பண்ணு

சாயந்திரம் வெயில் இருக்கும்போதே கிளம்பினோம். புத்தூர் வந்தது. காற்று நிற்கவில்லை. வடமாலபேட்டை வந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். காற்று நிற்கவில்லை. எதிரி ஊரை ஜெயித்த ராணி மாதிரி அந்தத் தெருவை ரெண்டு தரம் சுற்றினேன்.

எங்கள் வீட்டுக்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார்.

“கொஞ்சம் கம்மி பண்ணு. குளுருது,” என்றார்.

என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பட்டங்களில் அதுதான் பெரிசு. நான் கம்மி பண்ணவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவர் செய்த காரியத்தைக் கேளுங்கள். சந்தோஷம் தாங்காமல் மாமாவுக்கு ஃபோன் போட்டார். “நம்ம கோமதியே ஏசிய ரிப்பேர் பண்ணிட்சி மாமா! ஐஸா வருது!” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அடுத்த நிமிஷம் அவர் முகம் சுருங்கியது.

“இன்னா சொன்னாரு?”

“பேஷ், ஏசி வந்துட்சின்னா இன்னும் நல்லா வெல போவும், வாத்தியாரு பொஞ்சாதிக்கு ஏசிதான் முக்கியமாம், நாளான்னிக்கே அழச்சிக்கினு வரேன்னாரு.”

“நீங்க இன்னா சொன்னீங்க?”

அவர் துண்டை அவிழ்த்து மடிக்க ஆரம்பித்தார். சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

காரைக் காப்பாற்ற ஏசியைச் சரிசெய்தேன். ஏசி சரியானதால் கார் போகப்போகிறது. கோபத்தில் அன்றைக்கு நான் அவருக்குச் சோறு போட்டேனே தவிர குழம்பு ஊற்றவில்லை. நாற்காலி இல்லாத கடைகளும், மடியில் மூட்டையும், அண்ணனுடைய தம்பியின் வேனும் மாறி மாறி வந்து பயமுறுத்தின. வீட்டில் நிம்மதியாக இருக்கும் பெண்களை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருத்தியும் நிம்மதியாக இல்லை.

திருப்பதியில் ஜாத்திரைக்கு எல்லாரும் வேஷம் கட்டுவார்கள். ஆண்பிள்ளைகள்கூடப் புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டு போவார்கள். ஜாத்திரை முடிந்த அந்த வாரம் நானும் ஒரு வேஷம் கட்டினேன். ஒன்றும் தெரியாத குடும்பப் பெண் வேஷம்.

வாத்தியார் வருகிற அன்று காலையில் பானெட்டைத் திறந்து ஏசி ரிலேயைக் கழற்றினேன். இந்த முறை ஹாரனை அடித்துப் பார்த்து, அது கத்துகிறது என்று உறுதிசெய்துகொண்டேன். ரிலேயைச் சின்னப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் காபித்தூள் டப்பாவுக்குள் புதைத்தேன். சாமியறைக்குப் போய்ப் பெருமாளிடம் நேரடியாகவே பேசினேன். இது பொய் இல்லை சாமி, ஏசி கேட்டால் வராது, அவ்வளவுதான்.

மோர் குடியுங்கள்

அண்ணன், நாத்தனார், வாத்தியார், அவர் மனைவி, நாலு பேரும் வந்து இறங்கினார்கள். நாத்தனார் நேராக அடுக்களைக்குப் போய், “நீ இரு கோமதி, நான் காபி போடறேன்,” என்று டப்பாவில் கை வைத்தார். எனக்கு உயிர் போய் வந்தது.

“பால் திரிஞ்சிட்சி அண்ணி! மோர் குடிங்க, இந்த வெயிலுக்கு எதுக்கு காபி?” என்று டப்பாவைப் பிடுங்கினேன். பால் திரியவில்லை. பெருமாளிடம் இதற்கு நான் தனியாக அனுமதி வாங்கியிருக்கவில்லை.

வாத்தியாரின் மனைவி முன்சீட்டில் உட்கார்ந்தார். சாந்தமான அம்மாள். நான் ஓட்டினேன், ஆண்கள் மூன்று பேரும் பின்னால். ரயில்வே ஸ்டேஷன் வரை போவதற்குள் அந்த அம்மாள் காற்று ஓட்டைக்கு நேராகக் கையை வைத்து, “சல்லகா லேதே,” என்றார். குளிரவில்லையே என்று.

“மொன்னாள் வந்துட்சின்னியே மச்சான்?” என்று பின்னாலிருந்து அண்ணன் எகிறினார்.

“பழைய வண்டி மாமா. ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது,” என்றார் எங்கள் வீட்டுக்காரர், துக்க வீட்டில் பேசுவது போல. அதோடு நிற்கவில்லை. மழை வந்தால் பின்கதவு ஒழுகும், மேட்டில் ஏறும்போது ஒரு சத்தம் கேட்கும், ரெண்டு ஸ்குரூ எங்கேயோ பொருந்தாமல் மிச்சமிருக்கிறது என்று, யாரும் கேட்காததையெல்லாம் வாத்தியாரிடம் தெலுங்கில் விவரமாகச் சொன்னார். மனுஷன் இன்றைக்கு என்ன இவ்வளவு நேர்மையாக இருக்கிறார் என்று கண்ணாடியில் பார்த்தேன். அவர் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாத்தியாரின் மனைவி மட்டும் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். தினமும் நீங்களேதான் ஓட்டுகிறீர்களா என்று தெலுங்கில் கேட்டார். ஆமாம் என்றேன். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து இறங்கியதும் அவர் தன் வீட்டுக்காரரிடம் “ஒத்தண்டி,” என்றார். வேண்டாமாம். எனக்கு அந்த அம்மாளின் காலில் விழலாம் போலிருந்தது.

போகும்போது அண்ணனுக்கு முகமே இல்லை. “இத்த முதல்ல சரி பண்ணி வை. வேற பார்ட்டி பாக்கறேன்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர்கள் வண்டி தெருமுனை திரும்பியதும் நான் ஓடிப்போய் டப்பாவைக் கவிழ்த்தேன். ரிலேயைத் துடைத்து அதன் இடத்தில் அழுத்தினேன். ஏசியைப் போட்டேன். சூடான காற்று வந்தது.

கழற்றினேன், மறுபடி போட்டேன். அதே சூடு. ஏசி எடுக்கும்போது கம்ப்ரஸரிலிருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம் வர வேண்டும். அது வரவில்லை. நடிக்கச் சொன்னேன், வண்டி நிஜமாகவே செத்துவிட்டது என்று நினைத்தேன். பெருமாள் மோருக்காகத்தான் தண்டிக்கிறார் என்றுகூட நினைத்தேன்.

பானெட்டுக்குள் தலையை விட்டு ஒயர் ஒயராகத் தடவிக்கொண்டு போனேன். கம்ப்ரஸருக்குப் போகிற ஒயர் அதன் இடத்தில் இல்லை. யாரோ பிடுங்கி, தொங்காமல் பக்கத்துக் குழாயோடு சேர்த்து, அரக்கு நூலால் அழகாகக் கட்டியிருந்தார்கள். முடிச்சின் வால் எதிர்ப்பக்கம் படுத்திருந்தது.

அந்த வாலை விரலால் தடவிப் பார்த்தேன். கண்ணில் ஏதோ பட்டது. பஞ்சு இல்லை.

கொட்டகைக்குள் அவர் மூன்றாம் தறியில் அறுந்த நூலை முடிந்துகொண்டிருந்தார். நான் வந்து நின்றது தெரிந்தும் திரும்பவில்லை.

“காபித்தூள் டப்பால கெடந்தது, எடுத்துட்டியா?” என்று கேட்டார்.

விடிகாலைக் காபியை எங்கள் வீட்டில் அவர்தான் போடுவார். எப்படி மறந்தேன்? ஆனால் அன்றைக்கு நான் புதைத்தது அவர் முதல் காபி போட்டதற்கு அப்புறம்.

“ரெண்டாந்தரம் போட்டுக் குடிச்சேன். சாமியறைல நீ பேசிக்கினு இருந்த.”

“பாத்தீங்க இல்ல? அப்புறம் எதுக்கு ஒயர வேற புடுங்கினீங்க?”

“நீ கய்ட்டினது ஏசியோடதா, ஆரனோடதான்னு எனக்கு இன்னா தெரியும்?” என்றார். “ஒரு தைரியத்துக்கு.”

கார் இப்போது கொட்டகையில் நிற்பதில்லை. வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிறது, பெயிண்ட் போனால் போகட்டும். ஒயரைத் திரும்பச் செருகினேன், அந்த நூலை மட்டும் குழாயிலிருந்து அறுக்கவில்லை.

அடுத்த வாரம் மூட்டையோடு திருப்பதிக்குப் போய்க்கொண்டிருந்தோம். வடமாலபேட்டை தாண்டும்போது அவர் ஃபோன் அடித்தது. அண்ணன். வேறு ஒரு பார்ட்டி கிடைத்திருக்கிறதாம், ஏசி சரியாகிவிட்டதா என்று கேட்டார். எனக்கே கேட்டது.

எங்கள் வீட்டுக்காரர் ஒரு தரம் தொண்டையைச் செருமினார். ரோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“இல்ல மாமா,” என்றார்.

சொன்ன பிறகு அவருக்கே அந்த ருசி பிடித்துப்போயிற்று. “இல்ல மாமா, இல்ல. எங்க வருது? உள்ள வெந்துக்கினு கீறோம்,” என்று சொல்லிக்கொண்டே, காதில் கட்டிய துண்டை இறுக்கிக்கொண்டு, குளிரைக் கொஞ்சம் கம்மி பண்ணு என்று எனக்குக் கையைக் காட்டினார்.